ரெண்டாயிரம் ரூபாய் நோட்டும் மூன்று பர்கரும்

இந்த முறை நியூஜெர்சியிலிருந்து வந்தபோது சென்னையில் மூன்று பர்கர் கடைகளுக்குப் போனேன். அண்ணா நகரிலும் பெசன்ட் நகரிலும் போன கடைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அக்கா மகன் கூட வந்தான், அவனே எல்லாம் பார்த்துக்கொண்டான். நுங்கம்பாக்கத்துக் கடைக்கு மட்டும் அவன் வரவில்லை. அம்மாவையும் 11 வயது மகளையும் கூட்டிக்கொண்டு நானே போனேன். அங்கே நடந்ததுதான் இது.

உட்கார்ந்ததும் மெனு கேட்டேன். மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் கோடைக் காட்டினார் பையன். வைஃபைக்கு மொபைல் நம்பர் போட்டால் ஓடிபி வருமாம். எங்கள் நியூஜெர்சி நம்பரும் பத்து இலக்கம்தான், என்னுடையது ஏழில் தொடங்கும். அப்படியே போட்டேன், ஏற்றுக்கொண்டது. முன்னால் +91 இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஓடிபி இந்தியாவில் எந்தப் புண்ணியவானுக்குப் போனதோ. ஒரு காலத்தில் தோளில் துண்டோடு வந்து பத்து அயிட்டத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாரே, அவரை நினைத்துக்கொண்டேன். கடைசியில் பையனே தன் போனை நீட்டினார். அதில்தான் மெனு பார்த்தோம்.

"சிங்கிள் பேட்டியா, டபுள் பேட்டியா சார்?"

"யாருக்குடா பேட்டி?" என்றார் அம்மா. பையன் கேட்டது பன்னுக்குள் வைக்கும் வட்டையை.

அடுத்து ஆளுக்கொரு ஜோடி கறுப்பு பிளாஸ்டிக் கையுறை வந்தது. கையில் சாஸ் ஒட்டாமல் இருக்கவாம். அம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "ஆபரேஷனாடா பண்ணப்போறோம்?" என்று கேட்டதில் பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். சாம்பாரையே கையால் பிசைந்து சாப்பிடும் ஊரில் பன்னுக்கு உறை!

பர்கரைக் குறை சொல்லவே முடியாது. சமையலறை கண்ணாடிக்கு அந்தப்பக்கம்தான். எலுமிச்சை அளவுக்கு உருட்டிய கொத்துக்கறியைப் பழுக்கக் காய்ந்த கல்லில் வைத்ததுமே இரும்புக் கட்டையால் ஒரே அழுத்து. சப்பையாகிவிட்டது. ஓரமெல்லாம் ரவா தோசை மாதிரி ஓட்டை ஓட்டையாக முறுகி வந்ததும், ஒட்டிய முறுகல் கல்லோடு போய்விடாமல் மெல்லிய கரண்டியால் சுரண்டித் திருப்பினார். அந்த முறுகல்தான் ஸ்மாஷ் பர்கர். எங்கள் ஊரில் இதற்கு 16 டாலர் வாங்கிக்கொண்டு ஓரம் வதங்கிப்போனதைத் தருகிறார்கள். (என்னுடையது பீஃப். சனிக்கிழமை, அம்மா சைவம். மட்டன் என்று சொல்லி வைத்தேன்.) அம்மாவுக்கு வந்தது பட்டாணி உருளைக்கிழங்கு கட்லெட் வைத்த பன். பாதி சாப்பிட்டுவிட்டு, "டிரைவ்-இன் கட்லெட் கிட்ட வராது" என்று தீர்ப்புச் சொன்னார்.

கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னைத்தான் சொல்கிறார். 1962-ல் திறந்து 2008-ல் மூடினார்கள், இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. மரத்தடியில் காரை நிறுத்தினால் ஜன்னலிலேயே தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். காரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் அமெரிக்கப் பழக்கத்தை நான் முதலில் பார்த்தது அமெரிக்காவில் இல்லை, மெட்ராஸில். எங்களிடம் கார் கிடையாது. அப்பாவின் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே கூடத்தில் உட்காருவோம்.

அப்புறம் பில் வந்தது. 1,800 ரூபாய், அதன் மேல் மத்திய ஜிஎஸ்டி 45, மாநில ஜிஎஸ்டி 45, மொத்தம் 1,890. எங்கள் ஊரில் 6.625 சதவீதம் வரி போட்டு, அதோடு விடாமல் திரையை நம் பக்கம் திருப்பி 18, 20, 22 என்று டிப்ஸ் கேட்டு முகத்தையே பார்ப்பார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லையே என்று தாராளமாகக் கார்டை நீட்டினேன்.

மெஷின் வேண்டாம் என்றது. இரண்டாவது கார்டையும் வேண்டாம் என்றது. "ஃபாரின் கார்டு எடுக்காது சார், ஜிபே பண்ணிடுங்க."

ஜிபே பண்ண என் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) இருப்பதோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுச் செத்துப்போன பழைய சிம் நம்பர். ஆனால் நான் கலங்கவில்லை. 2019-ல் வந்தபோது மிஞ்சிய பணத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். பர்ஸிலிருந்து ஒரு ரெண்டாயிரம் ரூபாய் நோட்டை எடுத்து வைத்தேன்.

கல்லாவில் இருந்த பெண் அதை எடுக்கவே இல்லை. குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அண்ணா, இங்க வாங்களேன்" என்றார். மேனேஜர் வந்தார், சமையல்காரர் கரண்டியோடு வந்தார், மெனு காட்டிய பையனும் வந்தார். பிங்க் நிறத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று ஆளாளுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்கள். ரிசர்வ் வங்கி 2023 மே மாதமே இதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. சட்டப்படி செல்லும், கடைப்படி செல்லாது. "பீச் ஸ்டேஷன் பக்கம் ராஜாஜி சாலையில ரிசர்வ் பேங்க் ஆபீஸ் இருக்கு சார், அங்க மாத்தலாம்" என்று மேனேஜர் வழி சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அன்று சனிக்கிழமை, மணி இரவு ஒன்பது.

வாட்ச்மேன் காட்டிய ஏடிஎம்முக்கு ஓடினேன். பணம் இல்லை. திரும்பி வந்தால், பாட்டி பர்ஸிலிருந்த 340 ரூபாயை மகள் மேசையில் எண்ணி அடுக்கி வைத்திருந்தாள்.

வேளச்சேரியில் இருந்த அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "கியூஆரை போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா" என்றான். மேனேஜர் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தார். அனுப்பினேன். "எக்ஸ்பயர்ட்னு வருது மாமா." மெஷினில் வரும் கோடு கொஞ்ச நேரத்தில் காலாவதி ஆகிவிடுமாம். மறுபடி ஒன்று. அவன் பஸ்ஸில் இருந்தான், சிக்னல் போய்விட்டது. மூன்றாவது தடவை மொத்தக் கடையும் என்னோடு சேர்ந்து அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய் பெறப்பட்டது" என்று கல்லாப் பக்கத்துச் சின்னப் பெட்டி கணீரென்று அறிவித்தது. பக்கத்து மேசைக்காரர் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்து அக்கா மகன் திட்டினான். "2023-லயே 10 நாட்டு நம்பருக்கு யுபிஐ திறந்துட்டாங்க மாமா, அமெரிக்காவும் அதுல இருக்கு. பேங்க்ல நம்பர மட்டும் மாத்தணும்." அதற்கு நான் மயிலாப்பூர் கிளைக்குப் போய் ஃபார்ம் நிரப்பி நிற்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு பாதி நாள் அதற்கே போகும், மறுபாதி ராஜாஜி சாலைக்கு.

மறுநாள் காலையில் வேறொரு ஏடிஎம்மில் பணம் எடுத்து, நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டை அவனிடம் நீட்டினேன். போனிலிருந்து கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "கேஷ் வெச்சு நான் என்ன மாமா பண்றது? ஜிபே பண்ணிடுங்க."