மதுரைக்குப் போன மடக்கு ஸ்ட்ரோலர்

நடக்கவும் தெரிந்து, நடக்க மறுக்கவும் தெரிந்த வயதில் இருக்கும் பிள்ளையோடு லண்டனிலிருந்து ஊருக்குப் புறப்படுகிறவர்களுக்கு, பயணச்சீட்டு எடுத்த கையோடு எழும் கேள்வி, பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியான ஸ்ட்ரோலரைக் கொண்டுபோவதா, வேண்டாமா என்பதுதான். தை மாத முகூர்த்தம் ஒன்றுக்காக மதுரைக்குப் போய் வந்த அனுபவத்தில் சொல்வதானால், தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் இங்கே பூங்காவில் தள்ளுவதற்குத் தேர்ந்தெடுக்கிற கண்ணோடு அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஊரில் அது உருளும் நேரத்தைவிட மடிந்து கிடக்கும் நேரமே அதிகம். ஆகவே அதை வண்டியாகப் பார்ப்பதற்கு முன் ஒரு மூட்டையாகப் பார்த்து, எத்தனை கிலோ இருக்கிறது, எந்த இடுக்கில் நுழையும், இடுப்பில் பிள்ளை இருக்கும்போது மறு கையால் மடக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மடக்கு ஸ்ட்ரோலர்களில் குடை மாதிரி நீளவாக்கில் மடிபவை ஒரு வகை; சதுரப் பெட்டியாகச் சுருங்குபவை இன்னொரு வகை. குடை வகையை உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் பணியாற்றியவர். வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையோடு வந்த மகள் பிராம் என்னும் கனமான குழந்தை வண்டியை வைத்துக்கொண்டு படும் பாட்டைப் பார்த்துத்தான், 1965இல் அலுமினியக் குழாய்களால் மூன்று கிலோவுக்கும் குறைவான மடக்கு வண்டியை அவர் வடிவமைத்தார் என்பார்கள். பிறந்த வீட்டுக்கு வரும் மகளுக்காகவே உருவான பொருள் என்பதால் எனக்கு அதன் மீது கொஞ்சம் பரிவு உண்டு. இருந்தாலும் நாங்கள் அதை வாங்கவில்லை. மடித்த பிறகும் அது ஒரு மீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கும். பெரும்பாலான வண்டிகளை மடக்க இரண்டு கைகளும் ஒரு காலும் வேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் சரிந்து விழும்.

பெட்டி வகையில் யோயோ என்ற வண்டியை லண்டன் தெருக்களில் எங்கும் காணலாம். மடித்தால் 52 × 44 × 18 செ.மீ.; எடை ஆறு கிலோவுக்குச் சற்று மேல். ஜிபி நிறுவனத்தின் பாக்கிட் இன்னும் சிறியது. உலகிலேயே மிகச் சிறியதாக மடியும் ஸ்ட்ரோலர் என்று 2014இல் கின்னஸ் சாதனை பெற்ற அது, 35 × 30 × 18 செ.மீ. அளவில் 4.3 கிலோ மட்டுமே இருந்தது. அந்த அளவுக்குச் சுருக்குவதற்காக முதுகுச் சாய்வை விட்டுக்கொடுத்திருந்தார்கள் என்பது கடையில் பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் தெரிகிறது. பகல் தூக்கத்தை வண்டியிலேயே தூங்கப்போகும் பிள்ளைக்குச் சாய்வு இல்லாத இருக்கை உதவாது. ஆறு கிலோ எடையில், முழுவதும் சாயக்கூடிய, தோளில் மாட்டும் வாருள்ள பெட்டி வகை ஒன்றையே கடைசியில் எடுத்தோம்.

விமானத்துக்குள் எடுத்துச் செல்லலாம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் வழிகாட்டு அளவு 56 × 45 × 25 செ.மீ. என்பதால் 44 செ.மீ. அகலமுள்ள வண்டி அதற்குள் அடங்கும். ஆனால் 55 × 40 × 20 என்று அளவு வைத்திருக்கும் நிறுவனத்தில், பையை நுழைத்து அளவு பார்க்கும் சட்டகத்தில் அதே வண்டி நான்கு செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். வளைகுடா வழியாகச் செல்லும் விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. வண்டியையும் அந்தக் கணக்கில் சேர்த்தால், மிஞ்சும் எடையில் டயப்பர் பையைக்கூட வைக்க முடியாது. நல்ல வேளையாக, பெரும்பாலான நிறுவனங்கள் குழந்தையின் மடக்கு ஸ்ட்ரோலரைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றிக்கொள்கின்றன. பாதுகாப்புச் சோதனையில் பிள்ளையை இறக்கி, வண்டியை மடக்கி எக்ஸ்ரே எந்திரத்தில் விட்டுவிட்டு, அதன் பிறகு விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் ஒப்படைக்கலாம்.

ஒப்படைத்ததை எங்கே திருப்பித் தருவார்கள் என்பதுதான் சங்கடமான இடம். விமானத்தை விட்டு இறங்கும் வாசலிலேயே கிடைக்கும் என்று எங்களிடம் சொன்னார்கள். சென்னையில் இறங்கியபோது அது பெட்டிகளோடு பெல்ட்டுக்குப் போய்விட்டது. பன்னிரண்டு கிலோ பிள்ளை தோளில் தூங்க, குடிவரவு வரிசையில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்ற அந்த நேரத்தில், மடக்கு வண்டியின் அருமை பெருமைகள் எல்லாம் எனக்கு மறந்துபோயின. வண்டியில் கட்டும் சீட்டில் எந்த இடத்தில் திருப்பித் தருவார்கள் என்று எழுதியிருக்கிறது என்பதை அங்கேயே படித்துப் பார்ப்பதும், பிள்ளையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணி ஒன்றைக் கைப்பையில் வைத்திருப்பதும் மட்டுமே நம் கையில் இருக்கின்றன. இடையில் விமானம் மாறுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு; துபாயிலும் சிங்கப்பூர் சாங்கியிலும் நிலையத்துக்குள் பயன்படுத்திக்கொள்ள ஸ்ட்ரோலரை இலவசமாகத் தருகிறார்கள்.

சென்னையில் ஸ்ட்ரோலரின் அளவைத் தீர்மானிப்பது வாடகைக் காரின் டிக்கிதான். செயலியில் அழைத்தால் வரும் கார்களில் பல சிஎன்ஜி என்னும் எரிவாயுவில் ஓடுவதால், டிக்கியில் பெரும்பகுதியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்கிறது. மிஞ்சும் இடத்தில் ஒரு பெட்டி நின்றால் அதிகம். எங்களை ஏற்றிக்கொண்ட ஓட்டுநர் டிக்கியைத் திறந்து காட்டிவிட்டு, "இது மடங்கும்ல மேடம்? மடக்கி உங்க கால்கிட்ட வச்சுக்குங்க, பெட்டிய மேல கட்டிடறேன்" என்று கயிற்றை எடுத்தார். 18 செ.மீ. கனத்தில் மடியும் வண்டி கால்மாட்டில் அடங்கியது. நீளவாக்கில் மடியும் வண்டியாக இருந்திருந்தால் அதுவும் பெட்டிகளோடு கூரைக்குப் போயிருக்கும். ஆட்டோவிலும் இதே கதைதான்: பெட்டி வகை பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ள இடத்தில் நிற்கும்; குடை வகை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வரும்.

நங்கநல்லூரில் இருக்கும் என் சித்தி வீட்டிலிருந்து எழும்பூருக்கு, பெட்டிகளோடு என் கணவர் காரில் போக, நானும் பிள்ளையும் மெட்ரோவில் போனோம். எங்கள் பயணத்தில் ஸ்ட்ரோலரை மடக்காமலேயே முழுத் தூரமும் போக முடிந்தது அங்கே மட்டும்தான். நிலையத்தில் மின்தூக்கி, சக்கர நாற்காலிக்கான அகலமான நுழைவு, நடைமேடைக்குச் சமமான பெட்டித் தளம் எல்லாம் இருந்தன. ஆலந்தூரில் ரயில் மாறுவதும் சிரமமாக இல்லை. தியாகராய நகரில் 2019இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்திலும் பிள்ளையை வண்டியிலேயே வைத்துக்கொண்டு கடைகளைப் பார்க்கலாம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையில் மின்தூக்கி உண்டு. ஆனால் அங்கிருந்து ரங்கநாதன் தெருவுக்குள் இறங்கும் எண்ணம் இருந்தால், வண்டியை மேலேயே மடக்கிவிட வேண்டும். கூட்டத்தின் முழங்கால்களுக்கு நடுவே பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவது யாருக்கும் நல்லதல்ல.

மதுரைக்குப் பாண்டியன் விரைவு வண்டியில் இரண்டடுக்கு ஏசி பெட்டியில் போனோம். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் பயணச்சீட்டு தேவையில்லை என்பதால், கீழ்ப் படுக்கை கிடைக்கும்படி முன்னதாகவே பதிவு செய்வதுதான் முக்கியம். மடித்த வண்டி படுக்கைக்கு அடியில் பெட்டியோடு பெட்டியாகப் போய்விட்டது. ரயிலில் கடினமான பகுதி ஏறுவதுதான்: செங்குத்தான படி, குறுகிய கதவு, பின்னால் அவசரப்படும் பயணிகள். அங்கே ஒருவர் பிள்ளையோடு முதலில் ஏறிவிட, மற்றவர் வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரு கையாலும் பெட்டிகளை ஏற்ற வேண்டும். தோள்வார் இல்லாத ஸ்ட்ரோலரை ஊர்ப் பயணத்துக்கு வாங்கவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த ஒரு காட்சியே போதும்.

மதுரையில் வீட்டு வாசலில் வண்டியை விரித்ததுமே அம்மா, "இடுப்புல தூக்கிட்டுப் போறத விட்டுட்டு எதுக்குடி இம்புட்டுக் காசு குடுத்து இந்த வண்டி?" என்று கேட்டார். தெருவைப் பார்த்தபோது அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. பைக் ஏற்றுவதற்காக வீட்டுக்கு வீடு கட்டியிருக்கும் சிமென்ட் சரிவுகள் தெருவோரத்தை மேடும் பள்ளமுமாக ஆக்கியிருக்கின்றன. சாக்கடை மூடிகளின் இடைவெளி ஆறு அங்குலச் சக்கரத்தைக் கவ்விக்கொள்கிறது. மணல் கண்ட இடத்தில் முன்சக்கரம் குறுக்காகத் திரும்பி நின்றுவிடுகிறது. முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்டும் வசதி இருந்தால் மணலில் ஓரளவு சமாளிக்கலாம். மற்ற இடங்களில் பின்பக்கமாகத் திருப்பி இழுத்துக்கொண்டு போவதே எளிது. பெரிய சக்கரமுள்ள வண்டி இந்தத் தெருவில் இன்னும் நன்றாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அது காரிலும் ரயிலிலும் படுத்தும் பாட்டை இந்தச் சில நூறு அடிகள் ஈடுசெய்யாது.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகள் இதற்கு விதிவிலக்கு. கல் பாவி, வாகனங்களைத் தடுத்து வைத்திருப்பதால், மாலை நேரத்தில் நான்கு வீதிகளையும் வண்டியைத் தள்ளிக்கொண்டே சுற்றி வந்தோம். கோயிலுக்குள் செல்பேசிக்கு அனுமதி இல்லை என்பது எல்லோரும் அறிந்ததே. செல்பேசிகளை வாங்கி வைத்த இடத்தில், மடித்த வண்டிக்கும் ஒரு டோக்கன் கட்டி, முகம் சுளிக்காமல் உள்ளே எடுத்து வைத்தார்கள். உயர்ந்த நிலைப்படிகளையும் கூட்டத்தையும் பார்த்தால், உள்ளே பிள்ளை தோளில் இருப்பதே சரி.

நாங்கள் எதிர்பாராத பயன் ஒன்றும் இருந்தது. வண்டியைக் குறைசொன்ன அம்மாவே மூன்றாம் நாளிலிருந்து அதை முன்வாசலில் நிறுத்தி, பிள்ளையின் தோளிலும் இடுப்பிலும் வாரைப் பூட்டி, பருப்புச் சாதக் கிண்ணத்தோடு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வீடெல்லாம் துரத்திக்கொண்டு ஓடாமல் சாப்பாடு முடிந்தது. கல்யாண மண்டபத்திலும் அப்படியே: மேளச் சத்தம் குறைவாக இருந்த மணமகள் அறையின் மூலையில் முதுகைச் சாய்த்து விட்டதும், முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி எழும்வரை பிள்ளை தூங்கினான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் விரல் நசுங்காத கீல் முதன்மையானது. மெக்லாரன் வண்டிகளின் கீலில் குழந்தைகளின் விரல் சிக்கித் துண்டான சம்பவங்களால், 2009இல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குக் கீல் உறை வழங்க வேண்டியதாயிற்று. அத்தைமார், சித்திமார், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஆளாளுக்கு மடக்கிப் பார்க்கும் ஊர் வீட்டில் இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். ஐரோப்பியத் தரமான இஎன் 1888 முத்திரையும், தோள், இடுப்பு, கால்களின் நடுவே என்று பூட்டும் ஐந்து முனை வாரும், காலால் மிதித்தால் இரு சக்கரத்தையும் பிடிக்கும் பிரேக்கும் இருக்க வேண்டும். வெயிலுக்கு என்று வண்டியின் மேல் துண்டையோ புடவையையோ முழுவதும் போர்த்தும் வழக்கம் ஊரில் உண்டு. உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும் என்பதால் அதை அன்போடு தடுத்துவிட வேண்டும். நீண்டு இறங்கும் கூரையும் வலைச் சன்னலும் உள்ள வண்டியாக இருந்தால் அந்த வாக்குவாதமே எழாது.

வண்டியோடு வந்த மெல்லிய உறை சென்னையிலேயே கிழிந்துவிட்டது. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல் கடைகளில் ஒன்றில் காட்டினேன். தையல்காரர் மடித்த வண்டியை மேசையில் வைத்து, நாடாவால் நான்கு பக்கமும் அளந்து, "சக்கரம் படுற இடத்துல டபுள் துணி குடுத்துருவோம்மா" என்று சொல்லி, காடாத் துணியில் உறையும் அதே கையோடு கொசுவலை ஒன்றும் மறுநாளே தைத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது விமானத்தின் சரக்கு அறையில் போட்டதற்கு அந்த உறையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஊரில் ஒரே வீட்டில் தங்கி, கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போய் வருகிறவர்கள் இங்கிருந்து தூக்கிச் செல்லவே வேண்டியதில்லை. லவ்லாப், ஆர் ஃபார் ராபிட் போன்ற இந்திய நிறுவனங்களின் மடக்கு ஸ்ட்ரோலர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. விலை இங்கே கொடுப்பதில் ஒரு பகுதிதான். அடுத்த பயணத்துக்கு நாங்களும் அப்படி ஒன்றைத் தங்கை வீட்டு முகவரிக்கு வரவழைக்கப்போகிறோம். அவளுக்கு ஆனியில் பிள்ளை பிறக்க இருப்பதால், நாங்கள் கிளம்பிய பிறகும் அது அங்கே சும்மா கிடக்காது.