கதவோரத்து ரயில் பலகை: 7.5 அங்குல இ-பேப்பர் திரை

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்முன் ஆளுக்கொரு போனைத் தட்டிக்கொண்டிருந்தோம், இப்போது கதவோரம் மாட்டிய இ-பேப்பர் திரையைப் (காகிதத்தில் அச்சடித்தது போலத் தெரியும்) பார்த்தால் ரயில் எவ்வளவு லேட், மழை வருமா, எல்லாம் தெரிகிறது. 800×480 புள்ளிகள், கண் கூசாது. கரண்ட் போனாலும் கடைசியாகக் காட்டியது அப்படியே நிற்கும் (அதுதான் வம்பு, பழைய நேரத்தை நம்பி அப்பா ஒருநாள் ஓடினார், அப்புறம்தான் 'புதுப்பித்த நேரம்' என்று மூலையில் ஒரு வரி சேர்த்தேன்).

தமிழ்தான் படுத்தியது. திரையை இயக்கும் ஈஎஸ்பி32 என்ற சின்னச் சில்லில் நேரடியாக எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' கந்தலாகிவிடுகிறது, அதனால் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் படமாக வரைந்து அனுப்புகிறேன். முழுத் திரையும் மாறச் சில விநாடி மினுக்கும், நொடி ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் எல்இடி பேனல் வாங்குங்கள். விற்ற கடை ரிப்பன் கேபிளை மடித்தே அனுப்பியிருந்தது, சண்டை போட்டுத்தான் மாற்றினேன்.