வாரம் ஒரு காப்ஸ்யூல், எத்தனை வாரத்துக்கு?

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அம்மாவின் மருந்து டப்பாவில் 60,000 யூனிட் வைட்டமின் டி காப்ஸ்யூல் அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. பழைய மருந்துச்சீட்டில் ‘வாரம் ஒன்று, 8 வாரம்’ என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அந்தக் கெடு முடிந்து பல மாதங்களாகியும், காலி அட்டையைக் காட்டினாலே மருந்துக்கடையில் புதியதைக் கொடுத்துவந்திருக்கிறார்கள். குறைபாட்டைச் சரிசெய்ய மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு இந்த அளவு கொடுப்பது வழக்கந்தான். ஆனால் நாள்கணக்கில் பிரித்தால் இது 8,500 யூனிட்டைத் தாண்டுகிறது. பெரியவர்கள் தாமாகத் தொடர்ந்து எடுத்துக்கொள்வதற்கு வகுத்துள்ள மேல்வரம்போ தினம் 4,000 யூனிட்தான்.

அம்மாவின் வைட்டமின் டி அளவைப் பார்க்க ஏற்பாடு செய்த ரத்தப் பரிசோதனைச் சேவையில் குறைசொல்ல எதுவுமில்லை. காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். முடிவு மாலையில் கைபேசிக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு 58. நான் வசிக்கும் நாட்டில் அண்மையில் எடுத்த என் அறிக்கையில் 80 என்றிருந்ததால், அம்மாவுக்கு இன்னும் குறைவுதான் என்று வீட்டில் எல்லோரும் எண்ணினார்கள். உண்மையில் அம்மாவின் அறிக்கை மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு, என்னுடையது லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்ற கணக்கு. நானோமோலை 2.5 ஆல் வகுத்தால்தான் நானோகிராம் கிடைக்கும் என்பதால், என்னுடைய 80 அம்மாவின் அறிக்கைக் கணக்கில் வெறும் 32. வெளிநாட்டு அறிக்கையையும் உள்ளூர் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் குடும்பங்கள், எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அலகை முதலில் படிக்க வேண்டும்.

அறிக்கையோடு ஒரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் பொறுமையாக விசாரித்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. சிறுநீரகக் கல் வந்ததுண்டா, கால்சியம் மாத்திரை தனியாகச் சாப்பிடுகிறாரா, ரத்த அழுத்தத்துக்கு என்ன மருந்து என்று வரிசையாகக் கேட்டார். அம்மா சாப்பிடுவது தையசைடு வகை மாத்திரை என்று தெரிந்ததும், வைட்டமின் டி மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் கூடும், இந்த மாத்திரையோ சிறுநீர் வழியாகக் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும் என்பதால், ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்க்கச் சொன்னார். நல்லவேளையாக இரண்டும் சரியாக இருந்தன. எலும்புக்கு நல்லதென்றால் கூடுதலாகக் கொடுப்பதில் என்ன தவறு என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் பிறகு படித்தும் உறுதிசெய்துகொண்டேன்: ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறையவில்லை, அதிகரித்தன. அதன் முடிவு 2010இல் வெளியானது.

நான் கொண்டுவந்திருந்த புட்டியில் 25 மைக்ரோகிராம் என்றிருந்தது. ஒரு மைக்ரோகிராம் 40 யூனிட் என்பதால் அது 1,000 யூனிட். 60,000 யூனிட் காப்ஸ்யூலை உடனே நிறுத்திவிட்டு, இந்த 1,000 யூனிட் மாத்திரையைத் தினம் ஒன்று, கொழுப்புச் சத்துள்ள உணவோடு அம்மா சாப்பிடலாம் என்றார் மருத்துவர். இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. புதிய சீட்டில் மறுபரிசோதனைக்கு 3 மாதம் என்று குறித்திருக்கிறார். அதற்கு முன் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஏதேனும் தென்பட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருக்கிறார்.