பவர்ஃப்ளெக்ஸ் பர்ப்பிள் புஷ்: ரோட்டுக்கும் செப்பாங்குக்கும்

கார் முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃப்ரண்ட் லோவர் ஆர்ம்ல பழைய ரப்பர் புஷ் (ஆர்ம் வண்டியோட சேர்ற இடத்துல இருக்கிற மெத்து) வெடிச்சுப்போனதால, பவர்ஃப்ளெக்ஸ் கம்பெனியோட பர்ப்பிள் சீரிஸ் பாலியூரித்தேன் புஷ் மாட்டினேன், ரொம்ப திருப்திங்க. பிரேக் அடிச்சா ஸ்டியரிங் இப்ப ஒரு பக்கமா இழுக்கல, மலேசியா செப்பாங் ரேஸ் டிராக் கார்னர்ல டயர் என்ன பண்ணுதுன்னு கையிலயே தெரியுது. சிங்கப்பூர்ல எச்டிபி வீட்டு பிளாக் கார்பார்க் ஹம்ப்ல மட்டும் கொஞ்சம் டக்குங்கும்.

மாட்டும்போது புஷ்ஷுக்குள்ள போற மெட்டல் ஸ்லீவ்ல சிலிகான் கிரீஸ் நல்லா தடவச் சொல்லுங்க, காஞ்சா கீச்சுகீச்சுன்னு கத்தும். இந்த புஷ் ஸ்லீவ் மேல சுத்தும்; ரப்பர் புஷ்னா அப்படி சுத்தாது, உள்ளுக்குள்ளயே முறுக்கிக்கிட்டு வேலை செய்யுது, அதனால வண்டி தரையில நிக்கிற ஹைட்லதான் போல்ட் டைட் பண்ணணும், ஜாக்ல தொங்கவிட்டு டைட் பண்ணா சீக்கிரம் கிழிஞ்சிடும்.

பவர்ஃப்ளெக்ஸ்லயே பிளாக் சீரிஸ் இன்னும் ஹார்டு, டிராக் வண்டிக்குத்தான். புஷ்ஷுக்குப் பதிலா மாட்டுற பில்லோபால் ஜாயின்ட் (மெட்டல் பந்து ஜாயின்ட்) துளிகூட நெகிழாது, ஆனா தினமும் பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல ஆபீஸ் போற வண்டிக்கு அந்த சத்தம் தாங்காது, நம்மூர் மழைக்கு சீக்கிரம் தேஞ்சும் போயிடும்.