மாகோமேவா, சுமாகோவா?

ஜப்பானின் பழைய நகாசெந்தோ சாலையில், சுமார் 8 கி.மீ. இடைவெளியில் இரண்டு சிற்றூர்கள். ஒரு ராத்திரிதான் தங்க முடியும் என்றால் நான் சுமாகோவைத்தான் சொல்வேன். பழைய வீடுகளை ‘விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே’ என்று ஊர்மக்களே 1971இல் கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பிரதான தெருவில் மின்கம்பி கண்ணில் படாது. பகலில் கார் நுழையாது. சாயங்காலம் கடைகளைச் சாத்திய பிறகு மரவீடுகளும் விளக்கொளியும்தான். அப்புறம் சாப்பாட்டுக்கு அலையக்கூடாது, விடுதியிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

மாகோமே, கல் பாவிய செங்குத்தான மேடு. 1895, 1915 தீவிபத்துகளுக்குப் பிறகு திரும்பக் கட்டிய ஊர். எனா மலைக் காட்சி இங்கேதான் அழகு; கடைகள் அதிகம், கூட்டமும் அதிகம்.

இரண்டு ஊருக்கும் இடையே நடப்பதென்றால் மாகோமேயிலிருந்து கிளம்புங்கள், ஏற்றம் குறைவு. வழியில் கரடியை விரட்ட மணிகள் தொங்கும், வெட்கப்படாமல் அடியுங்கள்.