ஞாயிறு கதை நேரம்: நரிக்கு நடுத்துண்டு, பூனைக்கு ஆறிய பால்

எங்கள் பகுதியில் உள்ள குழந்தைகள் புத்தகக் கடையில் மாதம் ஒரு ஞாயிறு கதை சொல்கிறார்கள். நான்கு முதல் எட்டு வயது வரை, தலைக்கு 150 ரூபாய். இந்த மாதத் தலைப்பு ‘இது நியாயமா?’. எங்கள் வீட்டில் தினமும் எழும் கேள்வி என்பதால் பிள்ளைகள் இருவரையும் கூட்டிப்போனேன்.

முதலில் ஒரு ஜாதகக் கதை, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்று. இரண்டு நீர்நாய்கள் சேர்ந்து பெரிய மீன் பிடித்துவிட்டு, பங்கு பிரிக்கத் தெரியாமல் சண்டை போடும். பஞ்சாயத்துக்கு வந்த நரி, ஒருவருக்குத் தலை, ஒருவருக்கு வால் என்று தீர்ப்புச் சொல்லி, நடுத்துண்டைக் கூலியாகக் கவ்விக்கொண்டு போய்விடும். கதை சொன்ன அக்கா அட்டை மீனைக் கத்தரியால் வெட்டி, நடுத்துண்டைத் தன் ஜோல்னாப் பையில் போட்டதும் ஒரே கூச்சல். “வால்ல வெறும் முள்ளுதான் இருக்கும்!” என்று ஒரு பொடியன் எழுந்தே நின்றுவிட்டான். என் மகளோ, “நரி பஞ்சாயத்து பண்ணுச்சுல்ல, அதுக்கும் கொஞ்சம் குடுக்கணும்” என்றாள். எவ்வளவு என்று பேரம் தொடங்கியது. அக்கா குறுக்கே பேசவே இல்லை. கொடுத்த காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

தெனாலிராமனும் சோடை போகவில்லை. உள்ளே விடுவதற்குப் பரிசில் ஆளுக்குப் பாதி கேட்ட காவலர்களுக்கு, ராமன் சவுக்கடியையே பரிசாகக் கேட்டு வாங்கிப் பங்கு போட்டுக் கொடுப்பான் அல்லவா? அதைத் தோப்புக்கரணமாக மாற்றியிருந்தார். முதலில் முகம் சுளித்தேன். ஆனால் இரண்டு பையன்கள் முன்னால் வந்து ஆளுக்குப் பத்து போட்டதும், கணக்கு என் சின்னவனுக்கே புரிந்துவிட்டது.

சொதப்பியது பூனைக் கதை. எலித்தொல்லைக்காகக் கிருஷ்ணதேவராயர் ஆளுக்கொரு பூனையும், அதன் பாலுக்காக ஒரு பசுவும் கொடுப்பார். ராமன் முதல் நாளே கொதிக்கும் பாலை வைத்துப் பூனையின் வாயைச் சுட்டுவிடுவான். அப்புறம் பாலைக் கண்டாலே அது ஓட்டம் பிடிக்கும். பால் முழுக்க ராமன் வீட்டுக்கு. இங்கேயோ, “அந்தப் பூனைக்குப் பாலே பிடிக்காது” என்று முடித்துக்கொண்டார். பிள்ளைகள் பயந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் சூட்டை எடுத்ததும் தந்திரமும் போயிற்று, பூனைக்கு நடந்தது அநியாயமில்லையா என்று கேட்க இடமும் போயிற்று. கெட்டிக்காரன் செய்வதெல்லாம் சரிதானா என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் பேச இதைவிடத் தோதான கதை ஏது? போதாக்குறைக்கு, நீதியை வேறு தனியாக ஓர் அட்டையில் எழுதி வைத்துப் படித்தார். அதற்குள் பாதிப் பேர் செருப்பு மாட்டக் கிளம்பிவிட்டார்கள்.

மைக் இரைகிறது, முன்வரிசையில் உட்காருங்கள். எட்டு வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் சலிக்கும்.

அடுத்த மாதம் பீர்பாலின் கிச்சடியாம். போவோம். இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீரில் நின்ற அந்த ஏழையை, வெந்நீரில் நிற்க வைக்காமல் இருந்தால் சரி.