கேதார்காந்தா மலையேற்றம்: கழிப்பறைக் கூடாரம் பரவாயில்லை, கை கழுவத்தான் வழியில்லை

ஓசூர்ப் பக்கமிருந்து ஆட்களைத் திரட்டி இமயமலைக்கு அழைத்துச் செல்லும் ஒரு நிறுவனத்தின் மூலம், கடந்த டிசம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த எங்கள் குழு உத்தரகாண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குச் சென்று வந்தது. வழிகாட்டிகள், சாப்பாடு, வாடகைக் காலணி ஆகியவற்றில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் கட்டும்போது எல்லோர் மனத்திலும் இருந்தும், கூச்சத்தால் ஒருவரும் வாய் திறந்து கேட்காத கழிப்பறை ஏற்பாட்டைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

தீர்த்தமலையில் காலையில் ஏறி வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. சுமார் 12,500 அடி உயரச் சிகரத்தை நோக்கி, இரவுகளைக் கூடாரத்தில் கழித்தபடி ஏறும்போது நிலைமை வேறு. வறண்ட காற்றிலும் வேகமான மூச்சிலும் உடல் நீரை இழந்துகொண்டே இருப்பதால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டலோடு வரும் உயர நோயைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கோ சிறுநீர் இன்னும் அதிகமாகப் பிரியும். நள்ளிரவில் ஸ்லீப்பிங் பேக்கை விட்டு எழுந்து, பனியில் டார்ச் அடித்துக்கொண்டு போக அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டவர்கள் எங்கள் குழுவில் பலர். அவர்களில் பெண்களே அதிகம். மறுநாள் காலையில் தலை வலித்தால், அது உயரத்தால் வந்ததா, தண்ணீர் குடிக்காததால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். எனவே கழிப்பறையின் தரமும் பாதுகாப்புக் கணக்கில்தான் சேரும்.

முதல் முகாமில் ஏற்பாடு நன்றாகவே இருந்தது. நீரோடையிலிருந்து நன்கு விலகி, சமையல் கூடாரத்துக்குக் கீழ்ச் சரிவில், ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டு கூடாரங்கள் அடித்திருந்தார்கள். உள்ளே பனியை விலக்கி மண்வரை தோண்டிய குழி, கால் வைக்க இரண்டு பலகைகள், பக்கத்தில் மண் குவியல், அதை அள்ளிப் போட ஒரு தகர டப்பா. போனவர்கள் மண் போட்டு மூடியவரை நாற்றமே இல்லை. காலையில் ஆளுக்கு ஒரு சொம்பு வெந்நீர் கொடுத்தார்கள். அந்தக் குளிரில் அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. கூடாரத்தின் ஜிப் மட்டும் உறைந்து பாதியில் நின்றுவிட்டதால், உள்ளே போனவர் ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மேல் முகாமில்தான் கோளாறு. அங்கே தரை இறுகியிருந்ததால் மண்வரை தோண்டாமல் பனியிலேயே குழி எடுத்துவிட்டார்கள். பனியில் புதைப்பது மட்கிப்போவதில்லை. வெயில் காலத்தில் பனி உருகும்போது அப்படியே ஓடையில் இறங்கும். அந்தச் சரிவுகளின் நீர் கடைசியில் டோன்ஸ் ஆற்றுக்கும், அதன் வழியே யமுனைக்கும் போகிறது. ஒகேனக்கல் திட்டத்தில் காவிரி நீரைக் குடிக்கும் நமக்கு, மேலே விடுவது கீழே இருப்பவர் குடத்துக்கு வந்து சேரும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோண்ட முடியாத இடத்தில் கழிவைப் பையிலோ டப்பாவிலோ அடைத்துக் கீழே கொண்டுவருவதுதான் முறை. அதற்கான செலவைக் கட்டணத்தில் சேர்த்தாலும் நான் கொடுப்பேன்.

அதைவிடப் பெரிய குறை, கை கழுவ எங்குமே சோப்பு இல்லாதது. கூடாரக் கம்பத்தில் ஒரு சானிடைசர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டதோடு சரி. அழுக்குக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்கும் அது போதாது. அதே கையோடு எல்லோரும் ஒரே தட்டில் சப்பாத்தி எடுத்தோம். இரண்டு பேருக்கு வயிறு கெட்டது. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், சந்தேகம் இருக்கிறது. குடிநீரை நன்றாகக் கொதிக்கவைத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் 3 நிமிடம் விடாமல் கொதிக்கவிட வேண்டும் என்பது அந்தச் சமையல்காரருக்குத் தெரிந்திருந்தது.

மாதவிடாய் நாளில் வருபவர்களுக்கென்று தனி ஏற்பாடு எதுவும் இல்லை. நாப்கினையும் வெட் வைப்ஸையும் குழியில் போடக்கூடாது என்று சொன்னவர்கள், அவற்றைப் போட்டு எடுத்துவர ஒரு கறுப்புப் பை கொடுத்திருக்கலாம். பழைய செய்தித்தாளும் ஜிப் வைத்த பையும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. உடன் ஒரு சோப்புத் துண்டும் இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் இவற்றையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த குழுவிலிருந்து சமையல் கூடார வாசலில் சோப்பும் வெந்நீர்க் கேனும் இருக்கும் என்று பதில் வந்தது. மேல் முகாமின் பனிக்குழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முன்பணம் கட்டப் போகிறவர்கள் அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.